கொங்குசெராஸின் முதுகு

அப்புசாமி மைப்பேனாவால் இழுத்த ஒரு கோடு, பத்து மாதம் கழித்து, சேலத்துக் கல்லூரி ஒன்றின் அலமாரிக்குள் அரக்கு முத்திரை வைத்துப் பூட்டியிருந்த முப்பத்தேழு நத்தைக்கற்களின் முதுகிலும் பள்ளமாக விழுந்தது. எழுபத்தைந்தாம் வருடம், ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை. காலையில் தூறல் இருந்தது, பத்து மணிக்கெல்லாம் வெயில் வந்துவிட்டது. அலமாரியைத் திறந்தபோது அறையில் ஏழு பேர் இருந்தார்கள். அந்தப் பள்ளம் முன்பு அங்கே இருந்ததில்லை என்பது அவர்களில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் அதை வாய்விட்டுச் சொன்னான். இன்னொருவன் சொல்லவில்லை. சொல்லாதவன் அப்புசாமி.

நத்தைக்கல் என்பது காரை என்ற ஊர்ப் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள் வைத்த பெயர். புத்தகத்தில் அம்மோனைட்டு. அரியலூர்ச் சீமை கடலாகக் கிடந்த காலத்தில், கணவாய் மீனுக்கு உறவான ஒரு பிராணி ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்ட ஓட்டுக்குள் குடியிருந்துகொண்டு அதில் மிதந்து திரிந்தது. பிறகு கடல் விலகியது, பிராணி வம்சத்தோடு அழிந்தது, ஓடு மட்டும் கல்லாகி மண்ணுக்குள் மிஞ்சியது. சேலத்தில் தோண்டினால் அது கிடைக்காது. ஓடு உள்ள பிராணி என்று ஒன்று பிறப்பதற்கு முன்பே இறுகிப்போன பாறை சேலத்துப் பாறை. அதனால் நிலவியல் பேராசிரியர் சுப்பையன் எழுபத்து நாலாம் வருடக் கோடையில் தன் துறையில் செய்முறை வகுப்பு எடுக்கும் இரண்டு டெமான்ஸ்ட்ரேட்டர்களையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் பெரம்பலூர் தாண்டிப் போய், காரையின் செம்மண் ஓடைகளில் ஆறு நாள் அலைந்து, மூன்று கோணிப்பை நிறையக் கற்களோடு திரும்பினார்.

அந்த இருவரில் அப்புசாமி ஆட்டையாம்பட்டிக்காரன். தோட்டம், கிணறு, மாடுகன்று உள்ள குடும்பம். படம் வரைவதில் அவனுக்கு நல்ல கை. மற்றவன் மாதையன். அவன் அப்பா வெள்ளைக்கல் சுரங்கத்தில் கல் உடைத்தவர், அந்தத் தெருவிலேயே கல்லூரி வரைக்கும் வந்தவன் அவன் ஒருவன்தான். இருவருக்கும் ஒரே வயது, ஒரே படிப்பு, ஒரே தற்காலிக வேலை. ஆனாலும் மாதையன் அப்புசாமியை ‘வாங்க, போங்க’ என்பான், அப்புசாமி அவனை ‘வா, போ’ என்பான். அதை இருவருமே கவனித்ததில்லை. அடுத்த வருடம் ஓர் இடம் நிரந்தரமாகும் என்றும், பேராசிரியர் யாரைச் சொல்கிறாரோ அவனுக்குத்தான் என்றும் பேச்சு இருந்தது. அதை இருவருமே கவனித்திருந்தார்கள்.

மாதையன் கல்லைச் சுத்தம் செய்தான், அப்புசாமி வரைந்தான். மாதையன் கோணி ஊசியைப் புளியங்கட்டைப் பிடியில் செருகிக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஓட்டின்மேல் ஒட்டிய களிமண்ணைக் கடுகளவு கடுகளவாக எடுப்பான். ஒரு கல்லுக்கு மூன்று நாள் ஆகும். முடித்த கல்லைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவியே இது பதிமூன்றாவது, இது இருபதாவது என்று சொல்லுவான். அவன் நோட்டில் இப்படி எழுதியிருந்தான்: ஓடு நடுத்தரம். வெளிச்சுற்று உள்சுற்றைப் பாதி மூடும். சுருளின் நடுக்குழியான தொப்புள் குறுகல், அதன் ஓரம் செங்குத்து. ஓட்டின்மேல் புடைத்த வரிகளான விலாக்கள் தொப்புளிலிருந்து ஒற்றையாகக் கிளம்பி, பாதி வழியில் இரண்டாகப் பிரிந்து, முன்பக்கம் சாய்ந்து, முதுகைத் தடையில்லாமல் தாண்டும். உள் அறைகளின் சுவர் ஓட்டைத் தொடும் இடத்தில் விழும் தையல்கோடு கொத்தமல்லி இலையின் விளிம்பு போன்றது. ஓட்டின் வெளி ஓரத்தை ஆங்கிலப் புத்தகங்கள் வயிறு என்கின்றன. ஆடு மேய்ப்பவர்கள் முதுகு என்றார்கள், மாதையனும் முதுகு என்றே எழுதினான்.

இந்த அடையாளங்கள் எல்லாம் எண்பது வருடத்துக்கு முன்பே யாரோ பெயர் வைத்துவிட்ட ஒரு பேரினத்துக்கு உரியவை. மாதையன் அதைப் பேராசிரியரிடம் சொன்னான். சுப்பையனுக்கு ஓய்வு பெற நாலைந்து வருடம்தான் பாக்கி, இரண்டு கண்ணிலும் புரை முற்றிக்கொண்டிருந்தது. வாழ்நாளில் ஒரு புழுவுக்குக்கூட அவர் பெயர் வைத்ததில்லை. புரட்டாசி மாதம் ஒரு மத்தியானம், ஏழாவது கல்லை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, முதுகின் நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது என்றார். பள்ளம் இருந்தால் விலாக்கள் முதுகைத் தாண்டாமல் அதன் கரையில் நின்றுவிடும். அப்படி நிற்கிற விலாக்கள் உள்ள ஓடு அதுவரை யாரும் பெயர் வைக்காத புதுப் பேரினம். அவர் பொய் சொல்லவில்லை, அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. கல்லை அப்புசாமியின் மேசையில் வைத்து, பள்ளம் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, படத்தில் தெளிவாகப் போடப்பா என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

அப்புசாமி கல்லைத் திருப்பிப் பார்த்தான். நெல்மணி நீளத்துக்குச் சுத்தியல் உரசின கீறல் ஒன்று இருந்தது. வேறு எதுவும் இல்லை. விலாக்கள் ஒன்று தவறாமல் முதுகைத் தாண்டிப் போயின. எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம், வகுப்பறை பத்தடி தூரத்தில்தான் இருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை திருச்செங்கோட்டிலிருந்து பெண்வீட்டார் வருவதாக இருந்தார்கள், வேலை பர்மனென்ட்தானா என்று முன்கூட்டியே கேட்டு அனுப்பியிருந்தார்கள். அப்புசாமி பேனாவில் மை நிரப்பிக்கொண்டு, முதுகின் நடுவே ஒரு கோட்டைச் சுற்று முழுவதும் இழுத்தான். அதன் இரு கரையிலும் விலாக்களை நிறுத்தினான். பள்ளத்துக்குள் நிழல் தெரியப் புள்ளிப் புள்ளியாக வைத்தான். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு நன்றாக அவன் வரைந்ததில்லை. சுப்பையன் படத்தைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்தார். கொங்குக் கொம்பு என்ற பொருளில் கொங்குசெராஸ் என்று பெயர் வைத்தார்.

தை மாதம் சுப்பையனின் கட்டுரை அந்தப் படத்தோடு ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகையில் அச்சாகி வந்தது. மாதையன் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அப்புசாமியிடம்தான் முதலில் வந்தான். கைப்பிழையைப் பற்றிக் கேட்கிற மாதிரிதான் கேட்டான். “ஏனுங்க, இதென்னங்க இந்தக் கோடு?” அப்புசாமி, பெரியவர் போடச் சொன்னார், போட்டேன் என்றான். அப்படியானால் அவரிடம் சொல்லித் திருத்தம் அனுப்பிவிடலாம் என்றான் மாதையன். வயசான மனுசன், விட்டுவிடு என்றான் அப்புசாமி. மாதையன் வீம்புக்காரன் இல்லை. ஆனால் முப்பத்தேழு முதுகுகளை நூற்றுப் பதினோரு நாள் ஊசியால் தொட்டவனுக்கு அதை விட்டுவிட முடியவில்லை. பத்திரிகைக்கு எழுதினான். பத்திரிகை கல்லூரி முதல்வருக்கு எழுதியது. வெளியூரிலிருந்து நிலவியல் அறிந்த மூன்று பேர் வந்து கற்களைப் பார்ப்பார்கள் என்று முடிவாயிற்று. அதுவரைக்கும் யாராவது அரம் கொண்டு ராவிப் பள்ளம் உண்டாக்கிவிடாமல் அலமாரிக்கு முத்திரை வைக்க வேண்டும் என்று கேட்டதும் மாதையன்தான். வைகாசியில் முத்திரை வைத்தார்கள். சாவி முதல்வரிடம் போயிற்று.

இரண்டு மாதம் அப்புசாமிக்குச் சோறு இறங்கவில்லை. ஆடி மாதம், அந்த மூன்று பேர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், அம்மாபேட்டையில் திருவிழாவுக்குப் பூங்கரகம் போய்க்கொண்டிருந்ததால் அவன் ஏறியிருந்த பஸ் அரைமணி நேரம் நின்றது. எல்லாரும் ஜன்னல் வழியே கும்பிட்டார்கள். அப்புசாமி கும்பிடவில்லை, தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தப் பள்ளம் நெசமாகவே இருந்துவிட்டால் என்று நினைத்தான். முழு மனசோடு நினைத்தான். எந்தச் சாமியையும் பார்த்துக் கேட்கவில்லை, எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் அவனை மிகவும் தொந்தரவு செய்தது இதுதான். யாரிடம் கேட்டோம் என்று தெரிந்தால்தானே அவரிடம் போய், வேண்டாம், எடுத்துக்கொள் என்று சொல்ல முடியும்.

மறுநாள் முத்திரையை உடைத்தார்கள். மாதையன் முதல் கல்லை எடுத்து முதுகில் கட்டைவிரலை ஓட்டினான், நின்றான், மறுபடி ஓட்டினான். “நான் சுத்தம் பண்ணறப்ப இது இல்லீங்க” என்றான். இரண்டாவதை எடுத்தான். மூன்றாவதை எடுத்தான். வந்திருந்தவர்கள் பொறுமையாக இருந்தார்கள். முப்பத்தேழாவதுவரை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தினான். பள்ளங்களில் அரம்பட்ட தடம் இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள், பள்ளத்தின் அடியிலும் ஓட்டின் பழைய மெருகு அப்படியே இருந்தது. மூவரில் மூத்தவர் அப்புசாமியைப் பார்த்து, நீ வரைந்தபோது இது இருந்ததா என்று கேட்டார். “இருந்துச்சுங்க” என்றான் அப்புசாமி.

மாதையன் அவனைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் அப்புசாமிக்குப் பிழைத்துப்போகச் சுலபமாக இருந்திருக்கும். தெரியாத ஊரில் இறங்கினவன் வழி சொன்னவரைப் பார்ப்பதுபோல், அவன் சொன்னதை அப்படியே நம்பிப் பார்த்தான். பிறகு அந்த மூன்று பேரிடமும், “அப்ப என்ற கண்ணுக்குத்தான் தெரியல போலிருக்குதுங்க” என்றான். சொன்ன இடத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டான். மாசக் கடைசியில் வேலை போயிற்று. ஆவணியில் அப்புசாமிக்கு வேலை நிரந்தரமாயிற்று, தையில் திருச்செங்கோட்டுச் சௌந்திரத்தைக் கட்டினான்.

பள்ளம் அந்த அலமாரியோடு நிற்கவில்லை. கல்கத்தாவில் எண்பது வருடமாக ஒரு பெட்டியில் கிடந்த காரைக் கற்களிலும் அது இருப்பதாக அந்த வருடக் கடைசியில் கடிதம் வந்தது, இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் விட்டோம் என்று எழுதியிருந்தார்கள். எழுபத்தாறு மழைக்கு ஆட்டையாம்பட்டி மரவள்ளிக் காட்டில் கிளம்பின உயிர்நத்தைகளின் ஓட்டிலும் நடுவே ஒரு வாய்க்கால் ஓடியது. அப்புசாமியின் அத்தை குஞ்சம்மாள் அந்த ஊரில் கைமுறுக்குச் சுற்றி விற்பவர். அவர் விரலால் திருகி வைத்த முறுக்கின் வெளிச்சுற்றில் ஒரு கோடு தானாக இறங்கியது. மாவு சரியில்லை என்று மூன்று நாள் மாவு அரைக்கிற மில்காரரோடு சண்டை போட்டார். நாலாம் நாள் பக்கத்து வீடுகளிலும் அப்படியே விழுந்ததால் சண்டையை நிறுத்தினார். ஒரு வருடத்துக்குள் வெளியூர் வியாபாரிகள் கோடு போட்ட முறுக்கு என்றே கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். ஊரில் யாருக்கும் இதில் நஷ்டம் இல்லை. அப்புசாமி மட்டும் முறுக்குத் தின்பதை விட்டுவிட்டான். படம் வரைவதையும் விட்டுவிட்டான். வீடு கட்டும்போது சௌந்திரம், நீங்களே ஒரு படம் போட்டுக் குடுங்க என்றதற்கு, மேஸ்திரியிடமே விட்டுவிடலாம் என்று எழுந்து போய்விட்டான். தான் இழுக்கிற கோடு எங்கே போய் விழும் என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

சொல்லிவிட அவன் முயலாமல் இல்லை. எழுபத்தொன்பதில் சுப்பையன் ஓய்வு பெற்ற அன்று, மாலையும் சால்வையுமாக அவர் தனியே உட்கார்ந்திருந்தபோது போய்ச் சொன்னான். அவருக்கு அதற்குள் கண் ஆபரேசன் ஆகியிருந்தது. மேசைமேல் இருந்த கல்லை எடுத்துத் தடித்த கண்ணாடிக்கு முன்னால் பிடித்துப் பார்த்துவிட்டு, நீ வரைந்ததைவிட இது தெளிவாக இருக்கிறதேப்பா, எதற்கு வீணாக மனசைப் போட்டு அலட்டிக்கொள்கிறாய் என்றார். எண்பத்தொன்றில் பத்திரிகைக்கு எழுதினான். பள்ளம் நான்கு நாடுகளில் உள்ள கற்களில் சரிபார்க்கப்பட்டுள்ளது, படம் வரைந்தவரின் அடக்கம் பாராட்டுக்குரியது என்று நாலு வரியில் பதில் வந்தது. அவன் செய்த தப்புக்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் கற்கள்தான். அவையும் அவன் பக்கம் சாய்ந்துவிட்டன.

எண்பத்து மூன்று கார்த்திகையில் சௌந்திரத்திடம் சொன்னான். மகளுக்கு அவள் தலை பின்னிக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள், திட்டவில்லை. பின்னி முடித்து மகளை வெளியே அனுப்பிவிட்டு, “அவரு இப்ப எங்க இருக்கறாருங்க?” என்றாள். தெரியாது என்றான். எட்டு வருடமாக விசாரிக்கக்கூட இல்லை என்பதை அவள் அந்தப் பதிலிலேயே தெரிந்துகொண்டாள். மாதையன் ஆத்தூரில் ஒரு ஜவ்வரிசி மில்லில் காயப்போடும் வேலையில் இருப்பதாக, அந்தப் பக்கத்து மாணவன் ஒருவன் மூலம் பிறகு தெரிந்தது. அதிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் சௌந்திரம், போனீங்களா என்று கேட்பாள். வேலை இருந்தது, பஸ் இல்லை, மழை என்று அவன் எதையாவது சொல்வான். சித்திரையில் கேட்பதை நிறுத்திவிட்டாள். சோறு போட்டாள், வேட்டி துவைத்தாள், பேசினாள், அதை மட்டும் கேட்கவில்லை. அதை அவனால் மூன்று வாரம்தான் தாங்க முடிந்தது.

ஆத்தூரில் அவன் இறங்கினபோது உச்சிப்பொழுது. மில்லின் களம் நாலு ஏக்கருக்குக் குறையாது, அத்தனையும் வெள்ளை. ஜவ்வரிசியைப் பரப்பி மரப்பலகையால் தள்ளிக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் நடந்தார்கள், கண்ணைத் திறக்க முடியாத வெளிச்சம். மாதையன் தலையில் துண்டு கட்டியிருந்தான். அருகே போனபோது, அவன் ஒரு கைப்பிடி அள்ளிப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் காட்டி, காஞ்சிருச்சா என்று கேட்பது காதில் விழுந்தது. அவள் அவன் மனைவி ராசாத்தி. காய்ந்துவிட்டது என்று சொன்னாள். அவன் நகர்ந்து அடுத்த கைப்பிடியை அள்ளி மறுபடியும் அவளிடமே கேட்டான்.

அது இன்று நேற்றல்ல என்று பிறகு ராசாத்தி சொல்லித்தான் அப்புசாமிக்குத் தெரிந்தது. வேலை போன வாரத்திலிருந்தே மாதையன் தன் கண்ணை நம்புவதில்லை. பஸ்ஸின் பலகையைத் தானே படித்தாலும் ஏறுமுன் இன்னொருவரிடம் கேட்பான். சோற்றில் கல் இருக்கிறதா என்று கேட்பான். பிள்ளை பிறந்தபோது ஆணா பெண்ணா என்று மூன்று பேரிடம் கேட்டுவிட்டுத்தான் பெயர் வைத்தான். கண் டாக்டர் இரண்டு தடவை பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக்கு வண்டிக்காரர்கள், பாறை பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆள் என்று கேள்விப்பட்டுத் தேடி வந்து கூப்பிட்டதற்கும் போகவில்லை. எல்லா மணியும் ஒன்றுபோலவே இருக்கிற வேலை, எதையும் இது வேறு, அது வேறு என்று பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை என்பதால்தான் ஜவ்வரிசிக் களத்துக்கு வந்து சேர்ந்தான்.

அப்புசாமி என்ன பேச வேண்டும் என்று பஸ்ஸில் தயார் செய்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. களத்து ஓரத்துப் புங்கமரத்தடியில் நின்று, “அன்னிக்கு அது இல்லீங்க மாதையன். ஏழாவது கல்லுலயும் இல்லை, எதுலயும் இல்லை. நான்தான் போட்டேன். நீங்க பார்த்ததுதான் சரி” என்றான். அவனை ‘நீங்க’ என்று சொல்வது அதுவே முதல் தடவை என்பது சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

மாதையன் கையில் இருந்த ஜவ்வரிசியைக் களத்திலேயே கொட்டிவிட்டு, ராசாத்தியைக் கைதட்டிக் கூப்பிட்டான். “இவங்க சொல்றதைய நீ கேளு” என்றான். அப்புசாமி இன்னொரு தடவை சொன்னான். மேற்பார்வைக்காரரையும் கூப்பிட்டான், தலைச்சுமையோடு போன இரண்டு பேரையும் நிறுத்தினான். அம்மோனைட்டு என்றால் என்னவென்றே தெரியாத அந்த நாலு பேருக்கு முன்னால், கொளுத்துகிற வெயிலில், அப்புசாமி மூன்றாவது தடவையாகச் சொன்னான். எல்லாரும் போன பிறகு மாதையன் உட்கார்ந்துகொண்டான். தலைத்துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு சொன்னான்.

“நீங்க வந்து சொன்னதுல எனக்குச் சந்தோசந்தானுங்க. ஆனா ஒம்பது வருசம் எங்கூட்ல நான் கண்ணு தெரியாதவனாத்தான் இருந்தேன். பெத்த புள்ள மூஞ்சியக்கூட ஊரைக் கேட்டுத்தான் பார்த்தேன். அதையத் திருத்தி வரைஞ்சு குடுங்கன்னு கேட்டா, உங்களால ஆகுமுங்களா?”

ஆகாது என்றான் அப்புசாமி. ஆகாதுதான் என்றான் மாதையனும். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காரைக்குப் போக வேண்டும், கூட வந்து நாம் கல் எடுத்த இடத்தைக் காட்டுங்கள், எனக்கு இடம் மறந்துபோய்விட்டது என்றான். மறந்திருக்கவில்லை. ஓடையில் இறங்கினதும் அவன்தான் முன்னால் நடந்தான், அப்புசாமி பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். மத்தியானத்துக்குள் நாற்பது கற்களைப் புரட்டிப் பார்த்தார்கள். மண் விலகி வெளியே தெரிந்த முதுகுகள் எல்லாவற்றிலும் பள்ளம் இருந்தது. மாதையன் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் தடவி, இருக்குதுங்க என்று சொல்லி இருந்த இடத்திலேயே வைத்தான். அப்புசாமியின் முகத்தைப் பார்த்து அவன் கேட்டுக்கொள்ளவில்லை. கடைசியில், ஓடு வெளியே கொஞ்சமும் தெரியாமல் களிமண்ணுக்குள் முழுக்கப் பொதிந்திருந்த உருண்டைகளாக ஆறு எடுத்துக்கொண்டான்.

பதினோரு நாள் கழித்துத் தபால் கார்டு வந்தது. முதுகு சரியாக இருக்கிறது, வரவும் என்று மட்டும் எழுதியிருந்தது. அப்புசாமி ஆத்தூருக்குப் போனபோது மாதையன் வீட்டு வாசல் கட்டிலில் மூன்று கற்கள் இருந்தன. மூன்றிலும் விலாக்கள் இரண்டாகப் பிரிந்து, முன்பக்கம் சாய்ந்து, முதுகை நிற்காமல் தாண்டிப் போயின. பள்ளம் இல்லை. நாலாவது கல்லில் பாதியை மட்டும் மாதையன் சுத்தம் செய்து வைத்திருந்தான். ஊசியை அப்புசாமியிடம் கொடுத்து, மீதியை நீங்க எடுங்க என்றான். அப்புசாமி இரண்டு நாள் அங்கேயே தங்கி எடுத்தான். ராசாத்தி சோறு போட்டாள், அதிகம் பேசவில்லை. அவன் ஊசி பட்டுக் களிமண் விலகின இடத்திலிருந்து பள்ளம் ஆரம்பித்தது. மாதையன் விட்ட இடம்வரை விலாக்கள் முதுகைத் தாண்டின, அதற்கு அடுத்த விலா கரையில் நின்றது. எல்லை கத்தியால் கீறினதுபோல் இருந்தது. மாதையன் அதை வாங்கி ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, “இதுவும் இருக்குதுங்க, அதுவும் இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டு மில்லுக்குக் கிளம்பிப் போனான். அன்று சாயங்காலம் ஜவ்வரிசி காய்ந்ததா என்று அவன் யாரையும் கேட்கவில்லை. அந்த மாதமே ரிக்கு வண்டிக்காரர்களுக்கு வரச் சொல்லிக் கடிதம் போட்டான்.

கல்லூரியில் அப்போது துறைத்தலைவராக இருந்தவர் அர்த்தநாரி. எதற்கும் அதிகம் ஆச்சரியப்படாத மனிதர். பாதிப் பாதியாக இருந்த கல்லைப் பார்த்துவிட்டு, அறுபது உருண்டைகளைக் காரையிலிருந்து வரவழைத்து, துறையில் இருந்த எல்லாரையும் ஆளுக்கு நாலு சுத்தம் செய்யச் சொன்னார். மாதையனையும் தினக்கூலிக்கு அழைத்து உட்கார வைத்தார். மற்றவர்கள் எடுத்த கற்களில் எல்லாம் பள்ளம் இருந்தது, மாதையன் எடுத்ததில் இல்லை. அர்த்தநாரி இதை மாதையன் எடுத்தவை, அப்புசாமியும் மற்றவர்களும் எடுத்தவை என்று இரண்டு அட்டவணையாக எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினார். எண்பத்தாறில் அது வெளிவந்தது. கொங்குசெராஸின் விளக்கத்தில், மாதையன் தயாரித்த மாதிரிகள் நீங்கலாக என்று நாலு சொல் சேர்த்துக்கொண்டார்கள். ஆட்சேபம் எதுவும் வரவில்லை. வயது கடந்துவிட்டதால் மாதையனுக்கு வேலையைத் திருப்பித் தர விதியில் இடம் இல்லை என்று கல்லூரி சொல்லிவிட்டது. ரிக்கு வேலையில் நல்ல பெயர் எடுத்திருந்த மாதையன் மாதத்தில் இரண்டு நாள் சேலம் வந்து கல் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். அப்புசாமியிடம் பேச வேண்டியதைப் பேசுவான். பேசாத நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான்.

அப்புசாமி ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டு முதல்வரிடம் போனான். சௌந்திரமும் சரி என்றிருந்தாள், தோட்டம் இருக்கிறது, பிழைத்துக்கொள்ளலாம் என்றாள். இல்லாத பள்ளத்தை வரைந்தேன் என்று காரணம் எழுதியிருந்தது. முதல்வர், பள்ளம்தான் இருக்கிறதே, இதில் என்ன குற்றம் என்று எழுதி நடவடிக்கை எடுப்பது என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு காரணம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். வேறு காரணம் எழுத அப்புசாமிக்கு மனம் வரவில்லை. அவன் வேலையில் நீடித்தான்.

எண்பத்தெட்டாம் வருடம் பங்குனியில் தொல்லுயிரியல் தேர்வில் இப்படி ஒரு கேள்வி வந்தது: கொங்குசெராஸை அதனை ஒத்த பேரினத்திலிருந்து ஓட்டின் அடையாளங்களைக் கொண்டு வேறுபடுத்துக. ஐந்து மதிப்பெண். விடைத்தாள் திருத்தும் பொறுப்பு அப்புசாமிக்கு வந்தது. ஆட்டையாம்பட்டி வீட்டில், காலை வெளிச்சத்தில், மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அறுபத்து நாலு விடைத்தாள்கள். சுற்று, தொப்புள், விலா, தையல்கோடு என்று பிள்ளைகள் வரிசையாக எழுதியிருந்தார்கள். ஐந்தாவதாக எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். மாதையன் சுத்தம் செய்தால் முதுகில் பள்ளம் இருக்காது. அப்புசாமி சுத்தம் செய்தால் இருக்கும். சிலர் அப்புசாமியின் பெயருக்கு முன்னால் திரு என்று போட்டிருந்தார்கள். தப்பாக எழுதின ஒருவனாவது இருப்பானா என்று அவன் ஒவ்வொரு தாளையும் கடைசி வரிவரை படித்தான். இல்லை. அறுபத்து நாலுக்கும் பக்கத்தில் சரிக்குறி இட்டு, ஐந்துக்கு ஐந்து போட்டு, கட்டைக் கயிற்றால் கட்டி எடுத்துக்கொண்டு சேலம் பஸ்ஸுக்குப் புறப்பட்டான்.